பெருசு முதல்ல வந்தா?

ஆன்லைன் ஜட்ஜுக்கு முகம் பார்க்கத் தெரியாது. நாம் அனுப்பும் நிரலை, தான் மறைத்து வைத்திருக்கும் உள்ளீடுகளைக் கொடுத்து ஓடவிட்டுப் பார்க்கும். ‘ஆக்செப்டட்’, ‘ராங் ஆன்சர்’, ‘டைம் லிமிட் எக்சீடட்’. தீர்ப்பு அவ்வளவுதான். எந்த உள்ளீட்டில் சறுக்கியது என்று சொல்லாது. மேல்முறையீடும் கிடையாது.

ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்காகக் கூடும் இரவுகளில் நண்பர்கள் கேள்வியை வாசித்து முடித்து டைப் பண்ண ஆரம்பித்திருப்பார்கள். நான் இரண்டாவது பத்தியில் இருப்பேன். ஆங்கிலத்தை மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டே போகிற பழக்கம். “இன்னும் படிச்சிக்கிட்டா இருக்க?” என்பார்கள். கேலியில்லைதான், ஆனால் கேலி மாதிரியே கேட்கும்.

ஸ்பெயினின் வயாதோலித் பல்கலைக்கழகத்தில் மிகெல் ரெவில்யா உருவாக்கிய தளம் யுவிஏ. அதன் முதல் கேள்விக்கு எண் 100. ஓர் எண் இரட்டையானால் பாதியாக்கு. ஒற்றையானால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. 1 வரும்வரை தொடர். 22-இல் தொடங்கினால் வரிசையில் 16 எண்கள். i, j என இரண்டு எண்கள் தருவார்கள். அவற்றையும் இடையிலுள்ளவற்றையும் சோதித்து, மிக நீண்ட வரிசையின் நீளத்தைச் சொல்ல வேண்டும். 1, 10 கொடுத்தால் 20.

சின்னக் கேள்விதான். ஆனால் எங்கள் அறையில் வரிசையாக ராங் ஆன்சர். மாதிரி உள்ளீட்டுக்கு விடை சரியாகவே வந்தது. லூப்பை மாற்றிப் பார்த்தார்கள், வேரியபிளை மாற்றிப் பார்த்தார்கள். நான் இன்னும் கேள்வியில்தான் இருந்தேன். முதல் எண் சிறியது என்று அதில் எங்குமே போடவில்லை. மாதிரியில் எல்லா வரியிலும் சிறியதே முன்னால் நின்றதால், எல்லார் மனசும் அதைத் தானாக எழுதிக்கொண்டது.

“மச்சான், பெருசு முதல்ல வந்தா?”

10, 1 என்று வந்தால் லூப் ஒருமுறைகூட ஓடாது. திருத்தி அனுப்பினோம். ஆக்செப்டட்.

ஐசிபிசி போட்டியில் மூன்று பேருக்கு ஒரே கணினி, ஐந்து மணி நேரம். ஒரு கேள்வியைத் தீர்த்தாலும், அதற்கு முன் அனுப்பிய ஒவ்வொரு தவறான நிரலுக்கும் 20 நிமிடம் அபராதம். ஒருவர் டைப் செய்யும்போது மற்றவர்கள் வாசிக்கலாம். அப்படித்தான் எங்கள் அணியில் வாசிக்கிறவன் ஆனேன். கூச்சம் கொஞ்சம் போனது.

முழுசாகப் போகவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளிலும் இப்போது இதே மாதிரி இயந்திரம்தான். அங்கே அணி இல்லை. நானும் கடிகாரமும் மட்டும். ஜட்ஜ் என் முகத்தைப் பார்க்காதது நியாயம்தான். ஆனால் கேள்வி ஆங்கிலத்தில் இருக்கிறது, கடிகாரம் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. யாருக்கு அது எத்தனையாவது மொழி என்பதையும் ஜட்ஜ் பார்ப்பதில்லை.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் தம்பி தங்கைகளிடம் நான் வேகமாகப் படி என்று சொல்வதில்லை. கேள்வியில் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்கிறேன். பிறகு, என்ன இல்லை என்று.