ஒரு நிமிடக் கணக்கு

'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, நோயாளியின் அருகிலிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக எண்ணுகிறார். அந்த நான்காம் கூறின் பொறுப்பு, செவிலியப் படிப்பில் சேர்ந்த பின்னரே எனக்கு விளங்கியது.

தில்லியில் நான் பயின்ற கல்லூரியில், நோயாளியின் உடல்நிலையை மதிப்பிடும் முறையை முதலாண்டிலேயே கற்பித்தனர். உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சுவீதம், இரத்த அழுத்தம் ஆகிய நான்கும் உயிர்க்குறிகள் எனப்படும். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவரின் நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். அவர் 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். வெப்பத்தையும் அழுத்தத்தையும் கருவிகள் காட்டிவிடும். மூச்சைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே எண்ண வேண்டும்.

அதற்கும் ஒரு முறை உண்டு. மூச்சை எண்ணப்போவதாகச் சொன்னால், நோயாளி தம்மை அறியாமலே அதன் போக்கை மாற்றிவிடுவார். ஆகவே, நாடியை எண்ணி முடித்த பின்னும் மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுக்காமல், மார்பின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க வேண்டும். மார்பு ஒருமுறை உயர்ந்து தாழ்வது ஒரு மூச்சு. மூச்சு சீராக இல்லாதபோது, அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் விடை பிழையாகலாம். முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

செய்முறைத் தேர்வில் நாடியை எண்ணிச் சொன்னேன். "எண் சரி. அதனால் நீ அறிந்தது என்ன?" என்று தேர்வாளர் வினவினார். அளப்பது கைத்திறன், அளந்ததன் பொருளை உணர்வதே தொழிலறிவு என்பதை அக்கேள்வி உணர்த்தியது.

மூன்றாம் ஆண்டில் அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெற்றேன். இடுப்பெலும்பு முறிவுக்காக அறுவை செய்துகொண்ட முதியவர் ஒருவர் அங்கிருந்தார். ஒரு நாள் காலையில் நலம் வினவியபோது, "நலமாக இருக்கிறேன், மகளே" என்று இந்தியில் கூறிப் புன்னகைத்தார். காய்ச்சல் இல்லை, இரத்த அழுத்தமும் இயல்பாக இருந்தது. மூச்சை எண்ணினேன், 28. மீண்டும் எண்ணினேன், அதே எண்தான். முந்தைய இரவின் பதிவுத்தாளிலோ ஒவ்வொரு முறையும் 18 என்றே எழுதப்பட்டிருந்தது.

மூத்தவர்கள் எழுதியதற்கு மாறாக ஒரு மாணவி எழுதுவதா என்னும் தயக்கம் எழுந்தது. ஆயினும் நான் கண்டதையே எழுதினேன். பிரிவின் பொறுப்புச் செவிலியரிடம் உடனே தெரிவித்தேன். "வேறு என்ன கண்டாய்?" என்று கேட்டார். நாடி 108 என்பதையும், ஒரு தொடரைச் சொல்லி முடிப்பதற்குள் முதியவருக்கு மூச்சு வாங்குவதையும் கூறினேன். அவர் தாமே வந்து எண்ணிப் பார்த்து மருத்துவரை அழைத்தார். நுரையீரல் அழற்சி தொடங்கியிருப்பது மார்பு எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை பெற்ற முதியவர், சில நாள்களில் நலமுடன் வீடு திரும்பினார்.

இன்று நான் மாணவியருக்குக் கற்பிக்கிறேன். "விரல் நுனியில் பொருத்தும் ஆக்சிமீட்டர் இருக்கும்போது மூச்சை எண்ணுவது எதற்கு?" என்று அவர்கள் கேட்பதுண்டு. அக்கருவி இரத்தத்தில் உள்ள உயிர்வளியின் அளவைக் காட்டுகிறது. அந்த அளவு குறையாதிருக்க உடல் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை மூச்சுவீதமே சொல்லும். பிற அறிகுறிகள் தோன்றுவதற்கு முன்பே மூச்சு விரைவதுண்டு.

பதிவுத்தாளில் நாம் எழுதும் எண்ணை நம்பியே அடுத்து வரும் செவிலியர் பணியைத் தொடங்குகிறார். மருத்துவர் மருந்தை முடிவு செய்கிறார். எண்ணாமல் எழுதிய எண், அவர்கள் அனைவரையும் தவறான வழியில் செலுத்தும். அதனால் என் மாணவியர் முதலில் வாங்கவேண்டிய கருவி, நொடிமுள் உள்ள ஒரு கைக்கடிகாரம் என்றே சொல்கிறேன்.

சிந்தித்து விடை எழுதுக

1. மூச்சை எண்ணப்போவதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லாதது ஏன்?
2. கைத்திறன், தொழிலறிவு ஆகியவற்றிடையே கட்டுரையாளர் காணும் வேறுபாடு யாது?
3. பிறர் எழுதியதற்கு மாறான உண்மையைப் பதிவு செய்ய நேர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.