வழிந்த வெளிச்சம்

சாம்பாரில் உப்புக் குறைந்தால் இலையில் போட்டுக்கொள்ளலாம், கூடிவிட்டால்தான் சங்கடம். இந்தக் காலத்துக் காமிராவில் வெளிச்சமும் அப்படித்தான். இந்தச் சின்ன விஷயம் சென்ற குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் பெரிய விவகாரமாகிவிட்டது.

என் பெண் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ஆறு நாள் இரும்பும் இரைச்சலும். ஏழாம் நாள் கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். காமிரா வாங்கி மூன்றே மாதம். பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி நம் நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி அது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து, தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சேற்றுநீரில் இரை தேடும்.

முதல் நாள் இரவே பொன்னேரியில் சிநேகிதி வீட்டில் தங்கி, விடியற்காலையில் படகில் போயிருக்கிறாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் கம்ப்யூட்டரில் படங்களைப் போட்டுப் பார்த்தாள். "எல்லாம் போச்சு, அம்மா!" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். காலும் அலகும் தெளிவாக இருந்தன. உடம்பு இருக்க வேண்டிய இடத்திலோ, கொடியில் உலர்த்திய வேட்டிபோல் ஒரே வெள்ளை! இறகு, மடிப்பு, நிறம் ஒன்றையும் காணோம்.

காரணம் இரண்டு. ஆறு மணி மங்கலுக்காக வைத்த அளவை, சூரியன் மேலே வந்த பிறகும் அவள் மாற்றவில்லை. இரண்டாவது காரணம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார் - என் மாமனார். ஒரு காலத்தில் ஸ்நான அறையையே இருட்டறையாக்கி, தாமே பிலிம் கழுவிப் படம் போட்டவர் அவர். "இருட்டுக்கு வேண்டிய வெளிச்சத்தைக் கொடுத்துவிடு, குழந்தை. வெளுப்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்" என்று பேத்திக்கு உபதேசம் செய்தவர்.

அவர் சொன்னதில் தவறே இல்லை, பிலிமுக்கு! நெகடிவில் வெளிச்சம் அதிகமாக விழுந்தால் அந்த இடம் அடர்ந்து கறுக்குமே தவிர, விவரம் அநேகமாக அதற்குள்ளேயே இருக்கும். அச்சிடும்போது கூடுதல் நேரம் கொடுத்து அதை வெளியே கொண்டுவரலாம். அதற்கும் மசியாவிட்டால், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடையும் ஹைப்போவையும் கலந்து நெகடிவையே இளக்கலாம். 1883-ல் ஹோவர்டு ஃபார்மர் சொல்லிக்கொடுத்த வைத்தியம் அது.

டிஜிட்டல் காமிராவின் கணக்கு வேறு. அதற்குள் லட்சக்கணக்கான குட்டி உழக்குகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் அவற்றில் விழுந்து நிரம்புகிறது. நிரம்பிய உழக்கில் மேலும் ஒரு பிடி போட்டாலும் ஒன்பது பிடி போட்டாலும் அளவு உழக்குதானே? வழிந்தது எவ்வளவு என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அடியில் கொஞ்சம் கிடந்தால் அதை அளந்துவிடலாம். கறுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் வெளுக்கலாம்.

"என் கணக்கு தலைகீழாகிவிட்டதா? அப்படியானால் வெளுப்பைப் பார்த்து அளவு வை. இருட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரித்தார் மாமனார்.

அப்புறம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படங்களைப் பிரித்தார்கள். நல்ல வேளை, அவள் 'ரா' என்ற கச்சா வடிவத்தில் படமெடுத்திருந்தாள். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் கச்சாப் படத்தில் 16,384. ஆகவே, பார்வைக்கு வெளுத்துப்போன சில படங்களில் பிரகாசத்தைக் குறைத்ததும், இறகுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

அடுத்த கட்டில் ஒரு வேடிக்கை. படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கணக்குகள். இளஞ்சிவப்புப் பறவையாதலால் சிவப்பு முதலில் வழிந்திருந்தது. பச்சையில் இன்னும் இடமிருந்தது. நிறத்தை மறந்து, பச்சையின் கணக்கை மட்டும் வைத்துக் கறுப்பு-வெள்ளைப் படமாக்கினால் இறகின் வரிசை தெரிந்தது! 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், நம் சென்னையில் வாழ்ந்து கானகமெல்லாம் சுற்றிப் படமெடுத்தவர். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றார், 1996-ல் மறைந்தார். யானையையும் காட்டெருமையையும் கறுப்பு-வெள்ளையிலேயே நமக்குக் காட்டியவர். அவரை நினைத்துக்கொண்டபோது, நிறம் போன வருத்தம் எங்களுக்குப் பாதி குறைந்தது.

மூன்றாவது கட்டுதான் வம்பு. அவற்றில் மூன்று நிறமும் வழிந்து, சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது. "இளஞ்சிவப்பை நாமே தடவிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது?" என்றாள் கூட வந்திருந்த சிநேகிதி. கம்ப்யூட்டரில் அது ஒரு நிமிஷ வேலை.

மாமனார் தலையை ஆட்டினார். "கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் பருவை மறைக்கலாம், அது உபசாரம். இங்கே குஞ்சு எது, பெரியது எது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

உண்மைதான். பூநாரைக்குப் பிறவியில் அந்த நிறம் கிடையாது. இளம் பறவை சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். உண்ணும் பாசியிலும் சிறு கூனிகளிலும் உள்ள சத்தினால், சில வருஷங்களில் மெல்ல மெல்லச் சிவப்பேறுகிறது. தூரிகையால் தடவினால் குழந்தையைக் குமரியாக்கிவிடுவோம். பழவேற்காட்டுக்கு இந்த வருஷம் இளம் பறவைகள் வந்தனவா என்று பின்னால் ஒருவர் தேடினால், நம் படம் அவரிடம் பொய் சொல்லும். என் பெண் பேசாமல் அந்தக் கட்டை ஒதுக்கி வைத்தாள்.

புதிதாகக் காமிரா பிடிக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்: வெள்ளைப் பறவை கரும் புதர் முன்னே நின்றால், காமிரா புதரைப் பார்த்து ஏமாந்து அதிக வெளிச்சம் கொடுத்துவிடும், அங்கே அளவைக் குறையுங்கள். வெளுத்த இடம் கண் சிமிட்டும் வசதி அநேகமாக எல்லாக் காமிராவிலும் இருக்கிறது. அதைத் திறந்து வையுங்கள். வெயில் ஏற ஏற அளவை மாற்றுங்கள். முக்கியமாக, படகைத் தள்ளியே நிறுத்தச் சொல்லுங்கள். நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிடும். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தலைகவிழ்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பறவைகளையும் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட பாவம் நம்மைச் சேரும்.