ஈரம் பட்ட கடலை

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து அடைமழையைச் செங்கற்பட்டு வட்டாரத்தார் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்தோடிய அந்நாட்களில், மழை சற்றே ஓய்ந்த ஒரு மாலை, அஸர் தொழுகைக்குப் பின் ஓத வந்த சிறார்களுக்கு வழக்கம்போல் வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் பகிர்ந்தளித்தோம். எட்டு வயதுப் பாலகன் ஒருவன் வாயிலிட்டதைத் துப்பிவிட்டு, "கசக்குது ஹஜ்ரத்" என்றான்.

நாம் அவனைக் கடிந்துகொண்டோம். உணவைப் பாழாக்குவது இஸ்ராஃப் என்றும், கீழே விழுந்த கவளத்தைக்கூட ஷைத்தானுக்கு விட்டுவிடாமல் எடுத்து உண்ண வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை என்றும் எடுத்துரைத்து, அவன் கையில் எஞ்சியிருந்ததை நம் கண்முன்னே தின்ன வைத்தோம். அவனும் முகத்தைச் சுளித்தவாறே தின்று முடித்தான்.

இஷாவுக்குப் பின் மிச்சக் கடலையை நாமே மென்று பார்த்தோம். கசப்பு நாவை விட்டு அகலவில்லை. தட்டில் கொட்டி விளக்கடியில் ஆராய்ந்தபோது, சுருங்கியவையும் கறுத்தவையும் ஏராளமாகக் கிடந்தன. சில பருப்புகளைப் பிளந்தால் உட்குழிவில் பச்சையும் மஞ்சளுமாய்த் தூள் படிந்திருந்தது.

அத்தூளின் வரலாறு பெரிது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டுப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. நோய்க்குப் பெயர்கூட வைக்க இயலாமல் 'எக்ஸ்' நோய் என்றார்கள். இறுதியில், தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டு வேர்க்கடலைப் புண்ணாக்கே காரணம் எனக் கண்டறிந்தார்கள். புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அப்பெயரின் எழுத்துகளைக் கொண்டே அது கக்கும் நஞ்சுக்கு 'அஃப்ளாடாக்சின்' எனப் பெயரிட்டனர். நம் நாட்டில் 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறத்துப் பழங்குடி மக்கள் மழையில் நனைந்து பூத்துப்போன மக்காச்சோளத்தை உண்டு, மஞ்சட்காமாலை கண்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. வேறு தானியம் வாங்க வழியற்ற ஏழைகள் அவர்கள்.

ஒரு பிடிக் கடலையால் உயிர் போய்விடாது என்பது உண்மையே. சிறுகச் சிறுக, ஆண்டுக்கணக்கில் உட்செல்வதுதான் கேடு. அஃது ஈரலைத் தாக்கிப் புற்றுநோய்க்கு வித்திடுகிறது. ஹெபடைடிஸ் பி கிருமி ஏற்கெனவே குடிபுகுந்த உடலில் அவ்வபாயம் பன்மடங்காகிறது. கொதிக்க வைத்தால் நஞ்சு அழியாது. வறுத்தாலும் ஒரு பகுதியே குறையும். அதற்குத் தனிச் சுவையோ மணமோ இல்லை. கசப்பு, பருப்பு கெட்டுவிட்டதைச் சொல்லும் எச்சரிக்கை, அவ்வளவே. அந்த எச்சரிக்கையைத்தான் ஒரு பாலகனின் நாக்கு கேட்டது. நாம் கேட்கவில்லை.

கடலைக்கு நாம் இட்ட பெயர்களைப் பாருங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் 'மணிலாக்கொட்டை' என்பார்கள். அரபிகள் 'ஃபூல் ஸூதானீ', அதாவது ஸூடான் நாட்டு அவரை என்கிறார்கள். அதன் பிறப்பிடமோ தென் அமெரிக்கா! நிற்க.

மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் காய் முற்றும் தறுவாயில் மழை பொய்த்தால், மண் சூடேறி ஓடு வெடித்து, பூஞ்சணம் நிலத்திலேயே உட்புகுகிறது. பிடுங்கிய பின் மழை பிடித்துக்கொண்டாலோ காய வைக்க வழியில்லை. ஆட்டினால் பருப்பு கலகலக்கும் வரை காயவேண்டும். ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் நிற்கக் கூடாது. ஆனால், உடைக்கும்போது பருப்பு நொறுங்காதிருக்கவென்று காய்ந்த காய்மீது தண்ணீர் தெளிக்கும் பழக்கம் உண்டு. எடை கூடுவதும் அதிலே ஓர் இலாபம். அந்த ஈரத்தோடு கோணியில் கட்டிச் சுவரோரம் அடுக்கினால், கோவளம், மாமல்லபுரம் போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று மிச்ச வேலையைச் செய்துவிடும்.

கடலையே தின்னாதவர்களும் தப்பவில்லை. எண்ணெய் ஆட்டியபின் நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்குகிறது. புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாடு பாலில் தருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டது. தமிழகத்தில் எடுத்த 551 மாதிரிகளில் 88-இல் இந்நஞ்சு வரம்பை மீறியிருந்தது. மாநிலங்களுள் மிகுதியான எண்ணிக்கை நம்முடையதே. பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. இதைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்?

மறுநாள் கடலை வாங்கிய கடைக்குச் சென்றோம். கடைக்காரர் நல்லவர்தாம், மறைக்கவில்லை. "லாரியில வரும்போது மூட்டை நனைஞ்சிடுச்சு ஹஜ்ரத். காய வெச்சுதான் குடுத்தேன். அதான் விலையும் குறைச்சுப் போட்டேன்" என்றார்.

அச்சொல் நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணலார் (ஸல்) கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுள் கையை நுழைத்து, அடியில் ஈரம் கண்டு, வணிகரிடம் வினவிய செய்தி அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அவ்வணிகரும் மழையைத்தான் காரணம் கூறினார். அப்படியாயின், மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றார்கள் நபிகளார். முப்பது ஆண்டுகளாக இதை நாம் பாடம் நடத்தி வருகிறோம். 'தஆம்' என்ற சொல் அவ்விடத்தில் தானியத்தைக் குறிக்கும் என்று இலக்கணமும் சொல்லுவோம். ஆனால், விலை ஏன் குறைவு என்று அந்தக் கடைக்காரரை நாம் கேட்கவில்லை. குறைவு என்று அறிந்தே வாங்கினோம். குவியலுக்குள் கைவிடும் கடமை வாங்குபவனுக்கும் உண்டென்று அன்றுதான் நமக்குப் பட்டது.

மேலும் ஒன்று. விழுந்த கவளம் பற்றிய நபிமொழியைப் பாலகனிடம் நாம் முழுதாகச் சொல்லவில்லை. அதில் ஒட்டியுள்ள கேட்டை அகற்றிவிட்டு உண்ண வேண்டும் என்பதே கட்டளை. 'அதா' என்னும் அச்சொல்லுக்குத் தூசு, அழுக்கு என்று பொருள் கூறிக் கடந்துபோவோம். அச்சொல்லின் நேர்ப்பொருளோ தீங்கு என்பது. ஹலாலையும் தய்யிபையும் இறைமறை இணைத்தே கூறியிருக்க, நாம் முதற்சொல்லுக்கு நாட்கணக்கில் விளக்கம் தந்து, இரண்டாம் சொல்லைத் 'தூய்மையானது' என்ற ஒற்றை மொழிபெயர்ப்போடு விட்டுவிடுகிறோம்.

அன்று மாலை சிறார்கள் அனைவரையும் பாயைச் சுற்றி அமர்த்தி, மீதமிருந்த பச்சைக் கடலையைப் பொறுக்கச் சொன்னோம். நச்சு எல்லாப் பருப்பிலும் பரவி நிற்பதில்லை; பெரும்பாலும் சிலவற்றிலேயே குவிந்திருக்கும். ஆகவே பொறுக்குவதால் பெரும்பயன் உண்டு. எனினும், பார்வைக்கு நன்றாயிருப்பதிலும் நஞ்சு இருக்கக்கூடுமாதலாலும், மூட்டையே நனைந்தது என்று தெரிந்துவிட்டதாலும், பொறுக்கிக் காட்டியது பாடத்துக்காகவே; உண்பதற்கன்று. "கழிச்சதைக் கோழிக்குப் போடட்டுமா ஹஜ்ரத்?" என்று ஒருவன் எழுந்தான். அவனை உட்கார வைத்து வான்கோழிகளின் கதையைச் சொன்னோம்.

கொல்லைப்புறத்தில் குழி தோண்டி அனைத்தையும் கொட்டினோம். மண்ணைத் தள்ளியவன் அந்த எட்டு வயதுப் பாலகன். தள்ளிக்கொண்டே, "இது இஸ்ராஃப் இல்லையா ஹஜ்ரத்?" என்று கேட்டான். இல்லை என்றோம். முந்தைய நாள் அவனைத் தின்ன வைத்தது நம் பிழை என்பதையும் அங்கேயே, மற்றவர்கள் கேட்கும்படி சொன்னோம்.