பிடுங்கிப் பார்க்காதீங்க சார்!

கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருப்பவர்களுக்கு ஆளைப் பார்த்தே எடை போடத் தெரியும். என்னை மேலும் கீழும் பார்த்த கடைக்காரர், "சாருக்கு பிளாஸ்டிக் செடியே போதும்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜப்பானில் தகாஷி அமானோ (1954–2015) என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். மீன் தொட்டிக்குள்ளேயே காடு, மலை, புல்வெளி என்று நிஜச் செடிகளை வைத்து ஜோடித்து, உலகத்தையே வாய் பிளக்க வைத்தவர். அந்தப் படங்களை ராத்திரி 12 மணி வரை கண் கொட்டாமல் பார்த்துவிட்டு வந்தவனிடம் போய் பிளாஸ்டிக்கா?

"ஏன், நிஜச் செடி வெச்சா வளராதா?"

"வளரும் சார். நீங்க வளர விடணுமே!"

கிண்டலைப் பொருட்படுத்தாமல் 6 செடி வாங்கினேன். பெயர் கிரிப்டோகோரைன் வெண்ட்டி. வாய்க்குள் நுழையவே இரண்டு நாள் ஆனது. சொந்த ஊர் இலங்கை. அங்கே நிழலான ஓடைகளில் வளர்வது. குடும்பம்? நம் சேப்பங்கிழங்கின் குடும்பமேதான். அதாவது ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டுக்குத் தூரத்து உறவு. நீளமான, ஓரம் சுருங்கிய பச்சை இலை. பார்க்க லட்சணம். குணம்தான் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி.

இரண்டடித் தொட்டியில் 3 அங்குலத்துக்குக் கழுவிய ஆற்று மணல், குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீர், மேலே எல்.ஈ.டி. விளக்கு. நட்டு முடித்து, செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுத்து ஆபீசில் எல்லோருக்கும் காட்டியாயிற்று.

அதே வாரம்தான் மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பாவை அழைத்து வந்திருந்தேன். அம்மா போன பிறகு அங்கே தனியாக எதற்கு என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். எங்கள் மூன்றாவது மாடி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான். பேச்சே இல்லை.

எனக்கு பயமாகிவிட்டது. காலை 11 மணிக்கு ஆபீசிலிருந்து போன்: "சாப்டாச்சாப்பா?" மூன்று மணிக்கு: "தூங்கினீங்களா?" சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போதே, "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? சென்னை பிடிக்கலையா? டாக்டர்கிட்ட காட்டலாமா? ஊருக்கே போயிடலாம்னு தோணுதா?" எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ம்."

இங்கே இப்படி என்றால் தொட்டியில் அதைவிட மோசம். ஐந்தாம் நாள் இலைகள் கண்ணாடி மாதிரி ஆயின. ஆறாம் நாள் ஓட்டை. ஏழாம் நாள், ரசத்தில் ஊறிய அப்பளம் மாதிரி கரைய ஆரம்பித்தன.

நான் சும்மா இருப்பேனா? வெளிச்சம் போதவில்லை என்று விளக்கை 14 மணி நேரம் எரியவிட்டேன். கண்ணாடி முழுக்கப் பாசி தாடி வளர்த்தது. சத்து போதவில்லை என்று உர திரவத்தை இரட்டிப்பாக ஊற்றினேன். பாசி மீசையும் வளர்த்தது. வலப்பக்கம் இருந்ததைப் பிடுங்கி இடப்பக்கம் நட்டேன். தினம் ராத்திரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு செடியாக மெல்லத் தூக்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் சொருகினேன்.

பத்தாம் நாள், வெறும் குச்சிகளைப் பார்த்து மனைவி, "ஏங்க, இதுக்கு பிளாஸ்டிக்கே வாங்கியிருக்கலாம்" என்றாள். குப்பையில் போடப் போகும் முன் கடைக்காரருக்கு ஒரு போன் போட்டேன். கை ஈரம், அதனால் ஸ்பீக்கரில்.

"தூக்கிப் போட்டுடாதீங்க சார்! இதெல்லாம் பண்ணையில இலை தண்ணிக்கு வெளியே இருக்கிற மாதிரி வளர்த்தது. காத்துக்குன்னு செஞ்ச இலை. தண்ணிக்குள்ள அதுக்கு வேலை இல்லை, அதான் கரையுது. தண்ணி மாறினாலும் வெளிச்சம் மாறினாலும் இந்த ஜாதி இப்படித்தான் கோச்சுக்கும். கீழே கிழங்கும் வேரும் உசிரோட இருக்கும். தண்ணிக்குள்ள வாழற மாதிரி புது இலை அதுவே போடும்."

"நான் வேணா இன்னொரு தடவை எடுத்துப் பார்த்து..."

"பிடுங்கிப் பார்க்காதீங்க சார்! ஒவ்வொரு தடவை பிடுங்கும்போதும் அது மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்!"

பால்கனியில் சிரிப்புச் சத்தம். அப்பா!

"ஏண்டா, நாத்து பறிச்சு நட்டா ஒரு வாரம் பத்து நாள் பழுத்துப் போய்த்தான் நிக்கும். அப்புறம்தான் பச்சை பிடிக்கும். அதுக்குள்ள எவனாவது பிடுங்கிப் பார்ப்பானா?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "உனக்கு அந்தப் பழக்கம் இருக்கு. என்னையும்தான் தினம் மூணு வேளை பிடுங்கிப் பார்க்கறே" என்றார்.

நான் ஈரக்கையோடு நின்றேன்.

மறுநாளிலிருந்து தொட்டி நிர்வாகம் அப்பா கைக்குப் போனது. காலை 9 மணிக்கு விளக்கு போடுவார், மாலை 5 மணிக்கு அணைப்பார். எட்டே மணி நேரம். எங்கள் ஆபீசில்கூட இவ்வளவு பங்க்சுவலாக யாரும் கிடையாது. அழுகிய இலை தண்ணீரைக் கெடுக்கும் என்று கத்தரியால் நறுக்கி எடுத்தார். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினார். "வெறும் மணல்ல என்னடா இருக்கு? அடியில மண்ணு போட வேணாமா?" என்றார். 1999-ல் வெளியான தம் புத்தகத்தில் டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணியும் இதையேதான் சொல்கிறார்: அடியில் தோட்டத்து மண், மேலே சரளை. ஆனால் மண் போட வேண்டுமென்றால் மறுபடி பிடுங்க வேண்டுமே! எனவே அது அடுத்த தொட்டிக்கு. இந்தச் செடி பெரும்பாலும் வேர் வழியாகச் சாப்பிடுவது என்பதால், இப்போதைக்கு உர மாத்திரையை வேர்ப்பக்கம் மணலில் விரலால் அழுத்தி வைத்தோம்.

நானும் போன் பண்ணுவதை நிறுத்தினேன். கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்று மணி ஆனால் கை தானாக செல்போனைத் தடவும்.

23-ம் நாள், மீட்டிங் நடுவே போன். அப்பா! அவராக எனக்குப் போன் செய்தது சென்னை வந்து அதுதான் முதல் தடவை. பதறி வெளியே ஓடினேன்.

"ஒரு இலை வந்திருக்குடா. சுண்டு விரல் நகம் அளவு இருக்கு. வந்து பாரு. பார்க்க மட்டும்தான், தொடக்கூடாது!"

இப்போது தொட்டியில் மணல் தெரியவில்லை. பக்கக் கன்றுகள் வெடித்து, கீழ் வீட்டு ரிட்டயர்ட் வாத்தியாருக்கும் எதிர் வீட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது. செடியை விசாரிக்கும் சாக்கில் வாத்தியாரும் அப்பாவும் தினம் தெருமுனை டீக்கடைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வருகிறார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை.

போன பொங்கலுக்கு, "ஊருக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார். தமிழில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போவார்கள். ஆனால், ரிட்டர்ன் டிக்கெட்டையும் சேர்த்துப் போடச் சொன்னவர் அவர்தான்.

போன மறுநாள் காலை 9 மணிக்கே போன்: "விளக்கு போட்டியா?" மூன்று மணிக்கு: "தண்ணி குறையலியே?" மாலை 5 மணிக்கு: "அணைச்சியா? தொட்டிக்குள்ள கை விடலியே?"

நான் சொன்னேன்: "அப்பா, பிடுங்கிப் பார்க்காதீங்க!"