புதினா இலை வைத்த குவளை

பத்திரிகைத் தொழிலுக்கும் மதுவுக்கும் உள்ள உறவு பற்றி நான் விரிவாக எழுத வேண்டியதில்லை. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பின்னர் எங்கள் தலைமுறையினர் எங்கே கூடினர் என்பது ஊரறிந்த இரகசியம். அவ்வாறு கூடியவர்களுள் சிலர் இன்று இல்லை. ஒருவர் மருத்துவரின் எச்சரிக்கைக்குப் பின் குடியை முற்றாக நிறுத்தினார். என் வீட்டு விருந்தொன்றில் அவருக்கு நான் இழைத்த சிறுமையே இதை எழுதத் தூண்டியது. எல்லோர் கையிலும் கண்ணாடிக் குவளை. அவர் கையில் மட்டும் ஒரு சோடாப் போத்தல். யாரோ கேலி செய்தனர். நானும் சிரித்தேன். மூன்றாண்டுகள் அவர் என் வாசற்படி மிதிக்கவில்லை.

அண்மையில் எங்கள் பழைய சகபாடி ஒருவர் ரொறன்ரோவிலிருந்து ஒரு போத்தல் விஸ்கியுடன் கண்டிக்கு வந்தார். அன்று போயா தினம். மதுக்கடைகள் மூடியிருந்தமையால் அதுவே மொத்த இருப்பு. கட்டுகஸ்தோட்டையிலுள்ள என் இல்லத்திற்கு அவரை அழைத்தேன். தயங்கித் தயங்கி மற்றவரையும் அழைத்தேன். வருவதாகச் சொன்னார்.

"எல்லாக் குவளையும் ஒரே மாதிரி இருக்கட்டும்" என்றாள் மனைவி. வழியையும் அவளே காட்டினாள்: வேலியில் படர்ந்திருந்த சங்குப்பூ.

சீனியும் தண்ணீரும் சம அளவில் எடுத்துக் காய்ச்சிய பாகில் அப்பூவின் இதழ்களைப் பத்து நிமிடம் ஊறவிட்டால் கடும் நீலம் இறங்கும். உயரமான குவளையின் அடியில் அதில் 30 மில்லிலீற்றர். பிறகு விளிம்புவரை ஐஸ்கட்டி. அதன்மேல் தேசிக்காய்ச் சாறு, சிறிது வெள்ளைச் சீனிப்பாகு, தண்ணீர் மூன்றும் கலந்த கலவையை மெதுவாக ஊற்ற வேண்டும். புளிப்புப் பட்ட இடமெல்லாம் நீலம் கத்தரிப்பூ நிறமாகும். கடைசியாக, கரண்டியின் முதுகில் வழியவிட்டு 50 மில்லிலீற்றர் விஸ்கி. சீனி கலந்த நீர் கனமானது, விஸ்கி இலேசானது. ஆகவே அது பொன்னிறமாக மேலே நிற்கும். அவசரக்காரர்களுக்கு இது வாய்க்காது. என் முதற் குவளை சேற்றுத் தண்ணீராயிற்று.

நண்பருக்கான குவளையில் விஸ்கிக்குப் பதில் சீனி போடாத சாயத்தண்ணி. அதுவும் பாகின்மேல் நிற்கும், நிறமும் அதுவே. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தேநீர் கலங்கிப்போகும். வெளியிலே ஆறவிடுவதே நல்லது. இது ஏமாற்று வேலை அல்லவா என்று வாசகர் கேட்கலாம். ஸ்கொட்லாந்து விஸ்கியின் நிறத்தைச் சீராக்கக் கருக்கிய சீனிச் சாயம் சேர்ப்பதை அந்நாட்டுச் சட்டமே அனுமதிக்கிறது! மேலும், கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தாம். அந்த மலைகளைத் தோட்டமாக்கிய உழைப்பு எங்கள் முன்னோருடையது.

மூன்று குவளைகளையும் தட்டில் ஏந்திச் சென்றேன். ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை, அது ஆபத்தும்கூட. அவருடையதில் மட்டும் ஒரு புதினா இலை வைத்திருந்தேன்.

"அண்ணே, இலை இருப்பது உங்களுடையது. சாயத்தண்ணி" என்றேன்.

அவர் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ரொறன்ரோ நண்பரின் குவளையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கரண்டியால் கலக்கினார். நிறமெல்லாம் ஒன்றாகிச் செங்கத்தரியாயிற்று. பாதி குடித்துவிட்டு, "அன்றைக்கும் இப்படித் தந்திருக்கலாம்" என்றார்.

"தந்திருக்க வேண்டும், அண்ணே."

ரொறன்ரோக்காரருக்கு இந்தப் பழங்கதை தெரியாது. அவர் தமது இரண்டாவது சுற்றுக்குப் புதினா இலை வைத்ததையே கேட்டார்.