மழையும் ஆவாரையும்

குமரிக்கண்டத்தைப் பற்றி நாவல் எழுதுகிறவர்கள் பலர் அங்கே மழையைத் தாராளமாகப் பெய்ய விடுகிறார்கள். கைக்காசா செலவாகிறது?

1864-ல் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேயர், மடகாஸ்கரின் லெமூர்களுக்கு இந்தியாவிலும் உறவு தென்படுவதைக் கண்டு, நடுவே ஒரு நிலம் இருந்து அழிந்திருக்கவேண்டும் என்று எண்ணி, அதற்கு 'லெமூரியா' என்று பெயரிட்டார். 1912-ல் வெகனர், நிலங்களே நகர்கின்றன என்றார். விஞ்ஞானிகள் பிற்பாடு அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். மூழ்கிய கண்டம் கதைக்காரர்களிடம் தங்கிவிட்டது. இருக்கட்டும்.

ஆம்பூர் அன்பர் ஒருவர் எழுதிய குமரி நாவலில், அடைமழைக் காட்டில் ஆவாரை பூக்கிறது. தோல் பதனிடுகிறவர்கள் அதன் பட்டையை உரிக்கிறார்கள்! ஆவாரை வறண்ட நிலத்துச் செடி அல்லவா? மேல்காற்றின் ஈரத்தில் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை தன் பக்கமே இறக்கிவிடுகிறது. மிச்சத்தில் வளர்வது நம் ஆவாரை. அந்த மலையோ, சுமார் 9 கோடி வருஷங்களுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்துபோன விளிம்பிலே நிற்பது. நிலம் நகராமலிருந்தால் ஆம்பூருக்குப் பட்டை ஏது?

"மேற்கே ஒரு மலையை நிறுத்துங்கள்" என்றேன் அவரிடம்.

"ஆறு வற்றிவிடுமே, சார்!"

வற்றத்தான் வேண்டும். நம் பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணல். டேனரிக் கழிவை அடித்துக்கொண்டுபோக அதில் வெள்ளமில்லை. கழிவு மணலுக்குள் இறங்கி, குடிக்கிற கிணற்றுக்கே வந்து சேர்ந்தது. மழைக்கண்டத்தில் இப்படியொரு சண்டைக்கு இடமேது? வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 1996-ல் உச்சநீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று.