தேய்ந்தது கூடு மட்டும்தான்

கார் ரிமோட் சாவியில் பட்டன் ரப்பர் கிழிந்து, உள்ளே இருக்கும் பச்சை போர்டே தெரிய ஆரம்பித்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "முழு சாவியையும் மாத்தணும் சார்" என்று ஆயிரக்கணக்கில் சொன்னார்கள். ரிமோட் நன்றாகத்தானே வேலை செய்கிறது! வெறும் கூட்டைச் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே மாற்றிவிட்டேன்.

சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஓரத்தில் மெல்ல நெம்பினால் கூடு இரண்டாகப் பிரியும். பேட்டரியின் பிளஸ் எந்தப் பக்கம் என்று முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம்: பல மாடல்களில் ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கருப்புத் துண்டு தனியாக இருக்கும். அதுதான் இம்மொபிலைசர் சிப். அது பழைய கூட்டிலேயே தங்கிவிட்டால் கதவு திறக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கும்வரை பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்!